பேத்தாலஜி டாக்டரோட பேப்பர், சைட்டேஷன் எல்லாம் பாக்கது எப்படி? புதுசா வந்த பிஜி மக்களுக்கு

தீசிஸ் கைடு யாருன்னு தெரிஞ்ச ஒடனே கூகுள்ல பேரத் தட்டி "ஹெச் இண்டெக்ஸ் பன்னெண்டாம்ல"ன்னு பேச ஆரம்பிச்சிருதாங்க நம்ம பிள்ளைய. ஹெச் பன்னெண்டுன்னா, ஒவ்வொண்ணும் பன்னெண்டு சைட்டேஷனாவது (அடுத்தவங்க தங்க பேப்பர்ல மேற்கோள் காட்டுறது) வாங்குன பேப்பர் பன்னெண்டு இருக்குன்னு அர்த்தம். அந்தப் பன்னெண்டு எங்கருந்து வந்துச்சு, அதுல அடுத்தவரு பேப்பர் ஏதும் கலந்து கெடக்கான்னு யாரும் பாக்கதில்ல. நம்பர் கண்டுபிடிக்கது ரெண்டு நிமிசம், அது சரியான நம்பரான்னு பாக்கதுதான் வேலயே.

மொதல்ல பேரு. நமக்கு குடும்பப் பேரு கெடையாது, அப்பா பேரோட இனிஷியல்தான். ஜர்னல் ஃபாரத்துல 'லாஸ்ட் நேம்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஒரு தடவ சொந்தப் பேரப் போடுவாங்க, அடுத்த தடவ அப்பா பேரப் போடுவாங்க. சுடலைமுத்து மகன் இசக்கியப்பன்னு ஒருத்தர்னு வைங்க, ஒரு பேப்பர்ல 'இசக்கியப்பன் எஸ்', இன்னொண்ணுல 'சுடலைமுத்து ஐ', போதாததுக்கு இசக்கிய இங்கிலீஷ்ல சிலர் ஐ போட்டும் சிலர் ஈ போட்டும் எழுதுவாங்க, கம்ப்யூட்டருக்கு இது நாலு ஆளு. கல்யாணத்துக்கு அப்புறம் இனிஷியல் மாத்துன மேடம்னா கணக்கு இன்னும் கூடும். அதனால எத்தன விதமா பேரு வரும்னு ஒரு தாள்ல எழுதிட்டு ஆரம்பிங்க. அவங்களுக்கு ஆர்கிட் நம்பர் இருந்தா பாதித் தலவலி மிச்சம், 16 எழுத்து அடையாள எண் அது, 2012-லருந்து இருக்கு.

அடுத்து பப்மெட், மருத்துவப் பேப்பர் தேடுற சைட்டு. காசு வேண்டாம். பேரு, இனிஷியல் போட்டு பக்கத்துலயே சதுர அடைப்புக்குள்ள ஏயூ-ன்னு அடிங்க, ஆத்தர் பேர்ல மட்டும் தேடும். ஊர வச்சு வடிகட்டணும்னா திருநெல்வேலின்னு போட்டு அதே மாதிரி ஏடி. நம்ம ஊர டி-ஹெச் போட்டும் எழுதுதாங்க, ஹெச் இல்லாமலும் எழுதுதாங்க, ரெண்டையும் தேடுங்க. ஒரு விசயம், 2014-க்கு முன்னாடி பப்மெட்ல மொத ஆத்தரோட அட்ரஸ் மட்டும்தான் ஏத்துவாங்க, அதனால பழைய பேப்பர்ல நம்மாளு மூணாவதா இருந்தா ஊர வச்சு தேடுனா வராது. நம்ம நாட்டு ஜர்னல் எல்லாமே பப்மெட்ல இல்ல, அங்க காணலன்னா அவரு எழுதவே இல்லன்னு முடிவு கட்டிராதீங்க.

இப்ப கூகுள் ஸ்காலர். ப்ரொஃபைல் இருந்தா வலது பக்கம் சைட்டேஷன், ஹெச் இண்டெக்ஸ், ஐ10 மூணும் நிக்கும். அதோட விட்ராம கீழ உள்ள லிஸ்ட முழுசா உருட்டிப் பாருங்க. ஸ்காலர் தானாவே பேப்பரச் சேக்கும், பேத்தாலஜி ஆளு லிஸ்ட்டுல காங்கிரீட்டு, பாலம்னு வந்தா அது அதே பேருல உள்ள சிவில் இன்ஜினியரோட பேப்பர். ஸ்கோப்பஸ்னு சைட்டேஷன் கணக்கு வைக்கிற இன்னொரு சைட்டு உண்டு, அதுல தலகீழா நடக்கும், ஒரே ஆள ரெண்டு ஐடியாப் பிரிச்சு வச்சிருக்கும். ஸ்காலர் தீசிஸ், புக்குன்னு எல்லாத்தயும் எண்ணுறதால அதுல நம்பர் பொதுவா ஸ்கோப்பஸ விடக் கூடத்தான் இருக்கும்.

ஹெச் இண்டெக்ஸ கையாலயே போட்டுப் பாருங்க. சைட்டேஷன பெருசுலருந்து சிறுசா அடுக்குங்க, 40, 12, 7, 4, 2. நாலாவது பேப்பருக்கு 4 இருக்கு, அஞ்சாவதுக்கு 2தான், ஆக ஹெச் 4. ஐ10-ன்னா பத்துக்குக் கொறையாம சைட்டேஷன் உள்ளது, இங்க ரெண்டு. அந்த 40 நாலாயிரமா ஆனாலும் ஹெச் அசையாது பாருங்க. ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் 2005-ல சொன்ன கணக்கு இது. அதே வருசம்தான் ராபின் வாரன்ங்கிற பேத்தாலஜிஸ்ட்டுக்கு பேரி மார்ஷலோட சேத்து நோபல் குடுத்தாங்க, வயித்து பயாப்சி ஸ்லைடுல பாக்டீரியாவப் பாத்ததுக்கு, ஹெலிகோபாக்டர் பைலோரின்னு நாம படிக்கோம்லா அதேதான். அந்த மாதிரி ஒரு பேப்பருக்கு ஹெச்-ல கெடைக்கது ஒரே ஒரு எடம்.

பேத்தாலஜில கேஸ் ரிப்போர்ட் நெறய எழுதுவாங்க, அதுக்கு சைட்டேஷன் கம்மியாத்தான் விழும். நூறு பேரு சேந்து எழுதுன பேப்பர்ல எம்பதாவது ஆளா இருந்தாலும் மொத்த சைட்டேஷனும் அவரு கணக்குல ஏறிரும். அதனால மொத ஆத்தரா, கடைசி ஆத்தரா, நடுவுல நிக்காரான்னு பாருங்க. ஆன்காலஜி ஆளோட இவர ஒப்பிடுறது தாமிரபரணித் தண்ணிய வச்சு சின்ன நம்பியாத்த அளக்குற கத. இம்பாக்ட் ஃபேக்டர்ங்கிறது (ஒரு ஜர்னல் பேப்பருக்கு சராசரியா எத்தன சைட்டேஷன் விழுதுங்கிற நம்பர்) ஜர்னலோடது, ஆளோடது இல்ல, அத இதுல கலக்காதீங்க.

கடைசியா பப்மெட்ல பேப்பர் மேல 'ரிட்ராக்டட்'னு போட்டிருக்கான்னு ஒரு தடவ பாருங்க. வாபஸ் வாங்குன பேப்பரோட சைட்டேஷனும் ஸ்காலர் கணக்குல அப்படியே கெடக்கும். நம்பர எங்கயாவது எழுதுனா எந்த சைட்டுல, எந்தத் தேதில எடுத்ததுன்னு பக்கத்துலயே போட்ருங்க, அடுத்த மாசம் பாத்தா மாறியிருக்கும்.