தேர் ஆப் தயார், உரிமம் பார்த்தாச்சா?

பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்தின நாள் லெபோ பினாங் தெருவில் உள்ள கோவில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளித் தேர், தண்ணீர்மலைப் பக்கம் போகும்போது எந்தச் சாலையில் இருக்கிறது என்று காட்டும் ஓர் ஆப். நிரல் பழகுகிறவர்களுக்கு இது நல்ல பயிற்சி. வரைபடம், எழுத்துரு, வீடியோ கருவி எல்லாமே ஓப்பன் சோர்ஸில் கிடைக்கும்; அதாவது பிறர் உருவாக்கி, உரிமம் என்ற நிபந்தனைகளோடு யாரும் எடுத்துக்கொள்ள விட்டவை. நீங்களே எழுதுவது கொஞ்சம்தான். ஆப்பை யாரிடமாவது கொடுக்கும் முன், மீதியை எழுதியவர்களுக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்துவிடுவோம்.

படி 1: எதை எங்கிருந்து எடுத்தோம்?

பைத்தான் என்றால் பிப்-லைசென்சஸ், நோட் என்றால் லைசென்ஸ்-செக்கர். நீங்கள் சேர்த்த லைப்ரரிகளையும் (பிறர் எழுதிய நிரல் தொகுப்புகள்) அவற்றின் உரிமங்களையும் இந்தக் கருவிகளே வரிசையாகக் கொட்டிவிடும். எழுத்துரு, ஐக்கான், எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய பத்து வரி ஆகியவை கருவியின் கண்ணில் படாது. நீங்கள்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நிரல் இருக்கிறது, உரிமக் கோப்பு மட்டும் இல்லையா? தொடாதீர்கள். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். எழுதியவர் அனுமதி தராதவரை அது அவருடையது. ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள்.

படி 2: பெயர் கேட்கும் உரிமங்கள்

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 மூன்றும் சாதுவானவை. காசுக்கு விற்கலாம், மூலநிரலை மூடியும் வைக்கலாம். பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் ஆப்போடு போக வேண்டும், அவ்வளவுதான். அப்பாச்சியில் நோட்டீஸ் கோப்பு இருந்தால் அதையும் வையுங்கள். நீங்கள் மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகக் குறிப்பிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்: ஆப்புக்குள் வைத்து விற்கலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது.

பலர் 'ஓப்பன் சோர்ஸ் சமூகத்துக்கு நன்றி' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறார்கள். யாருக்கு நன்றி? 'ஆப் பற்றி' திரையில் ஒவ்வொரு லைப்ரரியின் பெயரையும் உரிமத்தையும் முழுசாகப் போடுங்கள்.

படி 3: வரைபடம்

லீஃப்லெட் என்ற லைப்ரரி காட்டும் வரைபடத்தின் வலது கீழ்மூலையில் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்று சின்ன எழுத்தில் வருகிறதா? திரை அழகாக இருக்கட்டும் என்று அதை அணைத்துவிடாதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவின் உரிமம் கேட்பதே அந்த வரியைத்தான். தண்ணீர்ப் பந்தல்களின் பட்டியலை நீங்களே திரட்டித் தனிக் கோப்பாக வைத்திருந்தால் அது உங்களுடையது. சாலைத் தரவையே திருத்தி ஆப்பில் வெளியிட்டால், திருத்திய தரவை அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்.

படி 4: ஜிபிஎல்

ஆப்போடு மூலநிரலையும் கொடுக்கச் சொல்லும் உரிமம் இது. இங்கே நிதானமாகப் போக வேண்டும். தேர் வீடியோவைச் சுருக்க எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியைச் சேர்க்கிறீர்கள். அதன் வழக்கமான உரிமம் எல்ஜிபிஎல், ஜிபிஎல்லின் தளர்வான வடிவம். எக்ஸ்264 என்ற வீடியோ லைப்ரரியைச் சேர்த்து பில்ட் செய்தால் ஜிபிஎல் ஆகிவிடும். அதோடு இணைத்துக் கொடுக்கும் உங்கள் ஆப்பையும் ஜிபிஎல்லில்தான் கொடுக்க முடியும். அதற்காக உலகத்துக்கே கடை விரிக்க வேண்டியதில்லை. ஆப் யார் கைக்குப் போகிறதோ அவருக்கு மூலநிரலும் போக வேண்டும். காசு வாங்கலாம், தடை இல்லை. அவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் நீங்கள் தடுக்க முடியாது.

உங்கள் சர்வரிலேயே ஓடுகிறது, யாருக்கும் நகல் தரவில்லை என்றால் ஜிபிஎல் ஒன்றும் கேட்காது. அதன் கண்டிப்பான வடிவமான ஏஜிபிஎல் கேட்கும்: அதை நீங்கள் மாற்றியிருந்தால், இணையம் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரல் தர வேண்டும்.

பாயான் லெப்பாஸ் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ளலாம். லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டருக்குள் ஜிபிஎல் உரிமம் கொண்ட லினக்ஸ் இருப்பதை 2003-இல் சிலர் கண்டுபிடித்து மூலநிரல் கேட்டார்கள். நிறுவனம் கொடுத்தது. அதை வைத்து வளர்ந்ததுதான் ரௌட்டர்களுக்கான ஓப்பன் சோர்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி.

காசு பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். "தம்பி, இது முழுசா நம்மளுதுதானே?" என்று வாடிக்கையாளர் கட்டாயம் கேட்பார். "நான் எழுதினது உங்களுது அண்ணே, மத்ததுக்கு இந்தப் பட்டியல்" என்று படி 1-இல் போட்ட பட்டியலைக் கொட்டேஷனோடு இணைத்துக் கொடுங்கள்.

படி 5: உங்கள் உரிமம்

ஜிபிஎல் எதுவும் கலக்கவில்லை என்றால், உங்கள் நிரலை வெளியிட எம்ஐடி போதும். ரிப்போவின் (உங்கள் நிரல் கிடங்கின்) முதல் ஃபோல்டரில் லைசென்ஸ் என்ற கோப்பை வைத்து, ஆண்டும் பெயரும் எழுதுங்கள். நண்பர் பாதி எழுதியிருந்தால் அவர் பெயரும் வர வேண்டும். அவருடைய வரிகளுக்கு அவர்தான் சொந்தக்காரர்; பின்னால் உரிமத்தை மாற்ற நினைத்தால் அவரையும் கேட்டுத்தான் மாற்ற முடியும்.