யோசிக்கும் விதம் முன்னேறியிருக்கிறதா? ஒரு கொப்பியை வைத்துப் பாருங்கள்

"முன்பெல்லாம் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவேன், இப்போது ஆராய்ந்துதான் நம்புகிறேன்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஆனால் முன்பு எப்படி யோசித்தோம் என்பதற்கு ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் கையில் இல்லை, ஞாபகமோ இந்த விசயத்தில் நல்ல சாட்சி இல்லை.

1972இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், அங்கே என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று உளவியலாளர்கள் ஃபிஷ்ஹோஃபும் பேய்த்தும் சிலரிடம் கேட்டு வைத்தார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று நீங்கள் சொன்னது என்ன என்று கேட்டால், நடந்து முடிந்தவற்றுக்குத் தாங்கள் கூடுதல் வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே பலருக்கு ஞாபகம். "எனக்கு அப்பவே தெரியும்" என்று நம் வீடுகளில் கேட்பது இதுதான்.

அதனால் எழுதி வையுங்கள். திகதி, கேள்விப்பட்ட விசயம், யார் சொன்னது, நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், எது தெரிந்தால் மனதை மாற்றுவேன். கடைசிக் கேள்விதான் கஷ்டம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு உதாரணம். 2023 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 1.3 வீதம் என்று செய்தி வந்தது, அதற்கு முந்திய செப்டெம்பரில் அது 69.8. வெள்ளவத்தை மார்க்கெட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிற ஒருவருக்கு இதைக் கேட்டதும் என்ன தோன்றும்? சாமான் விலை இறங்கவே இல்லை, இது பொய்க்கணக்கு, நூற்றுக்கு 90 நம்புகிறேன். சரி, அப்படியே எழுதுங்கள். கீழே, "இந்த 1.3 எதை அளக்கிறது என்று தெரிந்தால் மாறுவேன்" என்றும் எழுதுங்கள். தேடிப் பார்த்தால், அது விலையின் அளவு அல்ல, ஒரு வருடத்தில் விலை ஏறிய வேகம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாயாக இருந்த சாமான்கள் 2022இல் ஏறத்தாழ 170, 2023இல் 172. கணக்கும் சரி, மார்க்கெட்டில் வந்த கோபமும் நியாயம். இப்போது அந்த 90ஐ வெட்டிவிட்டுப் புது எண்ணைப் போடுங்கள், ஆனால் பழைய எண் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அழிக்கக் கூடாது.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, மூன்று மொழிப் பத்திரிகையும் ஒரே கடையில் கிடைக்கும். ஒரே செய்தியை வீரகேசரியிலும் லங்காதீபவிலும் டெய்லி மிரரிலும் பாருங்கள், எது தலைப்பில் வந்திருக்கிறது, எது மூன்றாவது பந்திக்குப் போயிருக்கிறது, எது வரவே இல்லை என்று. சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒரு நண்பரிடம் கேளுங்கள், அந்தப் பேச்சே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டு மூன்று மாதம் போன பிறகு கொப்பியை முதலிலிருந்து வாசியுங்கள். சரி பிழை எண்ணுவதை விட, பிடிக்காத கட்சி சொன்னதற்கு மட்டும் ஆதாரம் கேட்டு, நம் பக்கம் சொன்னதற்கு ஒன்றும் கேட்காமல் விட்டிருக்கிறோமா என்று பார்ப்பதுதான் முக்கியம் என்பேன். எனக்குத் தெரிந்தவரை வளர்ச்சி தெரிவதும் தெரியாமல் போவதும் இந்த இடத்தில்தான்.

கேம்பஸில் இதைப் பற்றி ஒப்படை எழுதச் சொன்னால், மனம் மாறிய பதிவு ஒன்றையும் மாறாத பதிவு ஒன்றையும் திகதியோடு அப்படியே எடுத்துப் போட்டு, மாறாததற்கு என்ன காரணம் என்பதை நீளமாக எழுதுங்கள்.