விஷ அம்புத் தவளை: முட்டை வந்த பிறகுதான் வேலையே

"கையில் பட்டால் விஷம் ஏறாதா?" விஷ அம்புத் தவளை வளர்க்கப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஏறாது. காட்டில் தின்னும் எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும்தான் இவற்றின் தோலுக்கு நஞ்சு சேருகிறது. தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்ந்த தவளையிடம் அது கிடையாது. பயப்பட வேண்டிய இடங்கள் வேறு.

கீழே சொல்வது டென்ட்ரோபேட்டஸ் டிங்டோரியஸ் என்ற இனத்துக்கு. சுரினாம், பிரெஞ்சு கயானா பக்கத்துக் காட்டுத் தவளை. படங்களில் பார்க்கும் அந்த நீலத் தவளையும் இதில் ஒரு வகைதான். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வளர்ப்பில் பிறந்ததற்கான தாள் இல்லாமல் வாங்காதீர்கள். இந்தியாவில் என்றால் வனத்துறைப் பதிவும் வேண்டும்.

படி 1: முதலில் ஈ

தவளை வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பறக்காத பழ ஈக்களை வளர்க்கத் தொடங்குங்கள். ஒரு புட்டியில் அடுத்த தலைமுறை வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வாரம் ஒரு புதுப் புட்டி போடுங்கள். நான் சோம்பல்பட்டு இரண்டே புட்டியை நம்பியிருந்தேன். இரண்டிலும் ஒரே நேரத்தில் பூஞ்சை. பசித்த தவளைகளோடு ஒரு வாரம் ஓட்டியது போதும் போதும் என்றாகிவிட்டது. கால்சியமும் வைட்டமின் ஏ-யும் உள்ள தூளில் ஈக்களைப் புரட்டித்தான் போட வேண்டும். தாய்க்குச் சத்து குறைந்தால் அது முட்டையில் தெரியும்.

படி 2: ஜோடி

ஆணுக்கு முன்கால் விரல் நுனிகள் அகலம், பெண் பருமன். ஒரு தொட்டிக்கு ஒரு ஜோடி போதும். பெண்கள் இரண்டு இருந்தால் சண்டை, ஒன்றின் முட்டையை மற்றது தின்பது எல்லாம் நடக்கும். புதுத் தவளையைத் தனியாக வைத்துப் பரிசோதித்த பிறகே சேருங்கள். உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை 1999-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்டதே வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்த ஒரு நீல அம்புத் தவளையிலிருந்துதான்.

படி 3: தொட்டி

வெப்பம் 22 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். குளிரைக்கூடச் சற்றுப் பொறுக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. காய்ந்த இலைகளைப் பரப்பி, ஒரு பெட்ரி தட்டின்மேல் (ஆய்வகங்களில் வைத்திருக்கும் ஆழமில்லாத வட்டத் தட்டு) வாசல் வெட்டிய கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வையுங்கள். அதுதான் பிரசவ அறை.

படி 4: முட்டை

ஒரு தடவைக்கு நாலைந்து இருக்கும். ஆண் வந்து நனைக்க ஒரு நாள் விட்டு, தட்டோடு எடுத்து மூடிய டப்பாவில் வையுங்கள். தண்ணீர் முட்டையின் பாதி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. மூழ்கினால் மூச்சு முட்டும். வெளுத்துப் பூஞ்சை பிடித்ததை நீக்குங்கள். இளம் ஜோடியின் முதல் சில ஈடுகள் பெரும்பாலும் வீண்தான். மனம் தளர வேண்டாம். நல்லதாக இருந்தால் இரண்டு வாரத்தில் பொரியும்.

படி 5: தலைப்பிரட்டை

ஒன்றையொன்று தின்னும். அதனால் ஆளுக்கொரு கோப்பை. தண்ணீரில் ஒரு துண்டு நாட்டு வாதுமைச் சருகு, தீனியாக ஸ்பைருலினா என்ற நீர்ப்பாசித் தூள் கலந்த மீன் உணவு, அதுவும் சிட்டிகை அளவு. மிஞ்சிய தீனி தண்ணீரைக் கெடுத்துக் கொல்வதுதான் அதிகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊஃபாகா பூமிலியோ என்ற செந்நிற அம்புத் தவளையை ஆசைப்பட்டு முதலில் வாங்கிவிடாதீர்கள். அதன் தாய், குஞ்சுகளை ஒவ்வொன்றாக புரோமிலியாட் செடியின் இலைக் குழித் தண்ணீரில் விட்டு, கருவுறாத முட்டையை இட்டு ஊட்டும். அந்த வேலையை நாம் செய்ய முடியாது.

படி 6: கால் முளைக்கும் வாரம்

இரண்டு, மூன்று மாதத்தில் பின்கால்கள் வரும், கடைசியில் முன்கால்கள். அவை குச்சிபோல் மெலிந்து, ஊன்ற முடியாமல் வந்தால் அந்தக் குட்டி பிழைக்காது. என் முதல் ஈட்டில் மூன்றும் அப்படித்தான். தாயின் சத்துக் குறைவையும் தண்ணீரையும்தான் சந்தேகிக்கிறார்கள். எனக்கு ஈயில் புரட்டும் சத்துத் தூளைப் புதிதாக மாற்றிய பிறகு குறைந்தது. திறந்து ஆறு மாதமான டப்பாவைத் தூக்கிப் போடுங்கள்.

முன்கால் வந்தவுடன் கோப்பையைச் சாய்த்து, ஏறிக்கொள்ளப் பாசி வையுங்கள். இல்லையென்றால் நீரில் பிறந்த உயிர் நீரிலேயே மூழ்கிச் சாகும். வால் கரையும் வரை தீனி வேண்டாம், வால்தான் அதற்குச் சாப்பாடு. பிறகு ஈரக் காகிதம் விரித்த சிறு டப்பாவுக்கு மாற்றி, ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறு பூச்சிகளைத் தூவுங்கள். சிறு வகைப் பழ ஈயையும் இந்த இனத்துக் குட்டி தின்னும்.