பழைய லேண்ட் ரோவருக்கு இசுசு எஞ்சின் மாத்துறீங்களா, இத முதல்ல பாருங்க

கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்ல எஞ்சின் வாங்க முதல் டேப்ப எடுத்து எஞ்சின் வைக்கிற இடத்த அளந்து பாருங்க. சீரீஸ் லேண்ட் ரோவருக்கு நிறையப் பேர் போடுறது இசுசு 4ஜேபி1, 2771 சிசி டீசல், நல்ல இழுவை, எனக்கும் அதான் விருப்பம். ஆனா எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற அடாப்டர் பிளேட்தான் முழு வேலையுமே. லேத்ல அடிக்கிற ஆள் நடு ஓட்டைய கொஞ்சம் தள்ளி அடிச்சாலும் வண்டி முதல்ல ஓடும்தான், பிறகு கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பெயாரிங் சத்தம் போடத் தொடங்கும், கிளச்சும் ஒழுங்கா விடாது, அதனால போல்ட் இறுக்க முதல் டயல் கேஜ் (நுணுக்கமா அளக்கிற முள்ளு மீட்டர்) வச்சு நடு சரியா எண்டு பாக்கச் சொல்லி பக்கத்திலயே நில்லுங்க. ஃபிளைவீல் நடுவுல அந்த இன்புட் ஷாஃப்ட் நுனியத் தாங்குற பைலட் பெயாரிங்கும் ஷாஃப்ட் அளவுக்கு இருக்கோணும். எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் சம்ப் முன் ஆக்ஸில்ல முட்டுதா எண்டு சஸ்பென்ஷன் முழுசா அமத்தித்தான் பாக்கோணும், சும்மா நிக்கேக்க பாத்தா சரிவராது. பழைய சீரீஸ் டூ எண்டா பாட்டரிட பொசிட்டிவ் வண்டிப் பாடிக்கு எர்த் ஆகியிருக்கலாம், அப்பிடியே இசுசு ஆல்டர்னேட்டர குடுத்தா எரிஞ்சிடும், நெகட்டிவ் எர்த்துக்கு மாத்திட்டுக் குடுங்க. எஞ்சின் வாங்கின பில்ல பத்திரமா வைங்க, வண்டிப் புத்தகத்துல எஞ்சின் நம்பர் மாத்த அது வேணும்.