வாழைத்தண்டு, வைக்கோல், உடைமரம் (சீமைக் கருவேலம்): எரிபொருளாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தார் வெட்டிய பிறகு வாழைத் தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும் மரங்களைக் கண்டால், இத்தனையும் எரிபொருளானால் என்ன என்று யாருக்கும் தோன்றும். ஆகும். ஆனால் எந்தச் சரக்கைக் கலனில் புளிக்கவைத்து வாயுவாக்குவது, எதைக் காயவைத்து எரிப்பது என்பதை அதிலுள்ள ஈரமே தீர்மானிக்கிறது. அதைப் பார்க்காமல் முதலில் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுவதுதான் தாமிரபரணிக் கரையில் நடக்கக்கூடிய முதல் தவறு.

வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு டன் தண்டில் உலர்ந்த சரக்கு 100 கிலோதான் தேறும். மீதி 900 கிலோ நீரை நெருப்பிட்டு ஆவியாக்க ஏறத்தாழ 2,300 மெகாஜூல் வெப்பம் வேண்டும். அந்த 100 கிலோவை எரித்தால் கிடைப்பதோ சுமார் 1,600. வரவைவிடச் செலவு அதிகம். வெயிலில் போடலாமே என்பீர்கள். நாங்குநேரி வெயிலுக்குக் குறைவில்லைதான். ஆனால் முழுத்தண்டு வெளியே காய்வதற்குள் உள்ளே அழுகத் தொடங்கிவிடும்.

ஆகவே வாழை சாண எரிவாயுக் கலனுக்குப் போக வேண்டிய சரக்கு. அங்கேயும் அவசரம் கூடாது. நாரைப் பிரிக்காமல் போட்டால் அது மேலே மிதந்து, கலனைக் கலக்கும் கம்பில் சுற்றிக்கொள்ளும். நாரை எடுத்துவிட்டு, சதையைப் பொடியாக நறுக்கி, சாணக் கரைசல் நன்றாக வேலை செய்யும் கலனில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். ஒரே நாளில் வண்டி வண்டியாகக் கொட்டினால், புளிக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு அமிலத்தைப் பெருக்கும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் அதில் முடங்கிவிடும். அடுப்பில் சுடர் நிற்காது, கலனில் புளித்த வாடை வரும். காரஅமில அளவு (pH) 6.5-க்குக் கீழே போய்விட்டதென்றால் புதிதாக எதையும் போடாமல், சாணக் கரைசல் மட்டும் விட்டுக் காத்திருப்பதே வழி.

வைக்கோல் கதை வேறு. அதைச் சாணத்தோடு அப்படியே கலந்தால் மேலே ஏடுபோலக் கட்டிக்கொண்டு வாயுவை அடைக்கும். கொதிகலனில் எரித்தாலும் தொல்லைதான்: சாம்பலில் சிலிக்கா எனும் மணற்சத்தும் பொட்டாசியமும் மிகுதி, அது உருகிக் கட்டி தட்டிப்போகும். மாசி, பங்குனியில் அறுக்கும் பிசானப் பருவ வைக்கோல் காய்ந்து கிடைக்கும். கார்ப் பருவ நெல் அறுப்பு தள்ளிப்போனால் ஐப்பசி மழையில் நனைந்துவிடும். எடை போட்டு வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். வைக்கோல் படப்பில் இருப்பது கழிவு என்று நினைப்பதும் தவறு. அதை நம்பி மாடுகள் நிற்கின்றன.

வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கச் சிறிய இயந்திரம் விற்கிறோம் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஆலை, நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் எத்தனாலுக்காகத் திட்டமிடப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோல் கேட்கும். நாரைப் பிளக்கும் முன்பதப்படுத்தல், நொதிகள், காய்ச்சி வடித்தல் எல்லாம் கொட்டகையில் நடக்கிற வேலை அல்ல.

தரிசு நிலத்தில் காட்டாமணக்கு நட்டால் டீசல் கொட்டும் என்ற நம்பிக்கை 2003-ஆம் ஆண்டுத் திட்டக்குழு அறிக்கைக்குப் பின் நாடெங்கும் பரவியது. அந்தச் செடி வறட்சியில் சாகாது, உண்மை. ஆனால் நீரில்லாமல் நன்றாகக் காய்க்காது. ராதாபுரம் செம்மண்ணில் உயிரோடு நிற்கும் செடியைக் காட்டி விளைச்சலைக் கணக்குப் போடுவது ஏமாற்று வேலை. புங்க எண்ணெய் இதைவிடத் தேவலாம். என்றாலும் பழைய கொட்டையின் எண்ணெயில் கொழுப்பமிலம் கூடியிருக்கும். எண்ணெயை டீசலாக்கக் காரமும் மெத்தனாலும் சேர்ப்பார்கள். அமிலத்தைச் சோதிக்காமல் காரத்தைச் சேர்த்தால் டீசலுக்குப் பதில் சோப்புதான் மிஞ்சும். கூடச் சேர்க்கும் மெத்தனால் நஞ்சு, எளிதில் தீப்பற்றும். வீட்டுச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

உலர்ந்த வழிக்கு உகந்தது சீமைக் கருவேலம், நம் ஊர் வழக்கில் உடைமரம். கரிமூட்டத்தில் அதைப் பழகிய கைகள் இங்கே நிறைய உண்டு. விறகை வாயுவாக மாற்றி எஞ்சினுக்கு அனுப்பும் உலையில் அதைப் பச்சையாகப் போட்டால் பிசுபிசுத்த தார் எஞ்சினை அடைக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பிளந்து காயவிட வேண்டும். எரிபொருளுக்கென்று இதைப் புதிதாக நட வேண்டாம், ஏற்கெனவே குளங்களில் மண்டிக் கிடப்பதே போதும். வெட்டிய அடிக்கட்டை மழைக்குத் தழைத்துவிடும் என்பதால், குளத்தை மீட்பதும் நோக்கமென்றால் வேரோடு பிடுங்கும் கூலியையும் விறகின் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.