சுதந்திர வாக்கெடுப்புக் கணிப்புகளை வாசிப்பது எப்படி: திருகோணமலை ஆக்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கொட்லாந்து பிரிவது பற்றி ஒரு கருத்துக்கணிப்பு வெளியானால் அன்றைக்கே அது எங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்துவிடும். "ஸ்கொட்லாந்து பிரியப் போகுது" என்று யாரோ எழுதிய ஒரு தலைப்பும் கூடவே வரும். பிரித்தானியாவில் சொந்தக்காரர் உள்ள வீடுகள் இங்கே நிறைய, எங்களுக்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது, அதனால் இந்தச் செய்தியில் மனம் போய் நிற்பது இயல்புதான். ஆனால் ஒரு சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு டச் பே கடற்கரையில் விடிய விடியக் கதைப்பதில் ஒன்றும் தெரியவராது. எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைத் தேடுங்கள். 2014 வாக்கெடுப்புக்காக ஸ்கொட்லாந்து அரசு ஆரம்பத்தில் எழுதிய கேள்வி "ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கிறீர்களா?" என்பது. தேர்தல் ஆணைக்குழு அதைப் பொதுமக்களிடம் கொடுத்துப் பரிசோதித்தது. "ஏற்கிறீர்களா" என்று கேட்பது ஆளை "ஓம்" பக்கம் தள்ளுகிறது என்று தெரிந்ததும் அதை மாற்றச் சொன்னது. கடைசியில் வாக்குச்சீட்டில் இருந்தது "ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" என்பது மட்டும். 1995இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கேட்டதோ நீண்ட கேள்வி. கனடாவிடம் பொருளாதார, அரசியல் பங்காளித்துவம் ஒன்றை முறைப்படி முன்மொழிந்த பிறகு கியூபெக் இறைமையுள்ளதாக வேண்டுமா என்று போகும் அது. 50.58க்கு 49.42 என்று "இல்லை" பக்கம் வென்றது. "ஓம்" போட்டவர்களில் எத்தனை பேர் முழுப் பிரிவைக் கேட்டார்கள், எத்தனை பேர் அந்தப் பங்காளித்துவத்தை நம்பிப் போட்டார்கள் என்ற சண்டை அப்புறமும் ஓயவில்லை. கேள்வியும் பெரும்பான்மையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று கனடா 2000இல் சட்டமே போட்டது.

இலங்கையில் 1982 டிசம்பர் 22 நடந்த சர்வசன வாக்கெடுப்பு நினைவிருக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே ஆறு வருடம் நீட்டலாமா என்பது கேள்வி, "ஓம்" என்பதற்கு விளக்கும் "இல்லை" என்பதற்குக் குடமும் சின்னங்கள். விளக்கு 54.66 சதவீதம் எடுத்தது. கேள்வியை எழுதும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று அவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது, முடிவெடுக்காதவர்களை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஸ்கொட்லாந்தில் 2014 செப்டெம்பர் 18 வாக்களிப்பு. அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் யூகவ் நிறுவனத்தின் கணிப்பு ஒன்று "ஓம்" 51, "இல்லை" 49 என்று வந்தது. அது "தெரியாது" என்றவர்களைக் கழித்த பிறகு வந்த கணக்கு. ஆயிரம் பேரளவில் கேட்கிற கணிப்பில் மூன்று புள்ளி அங்கே இங்கே போகும், ஆகவே 51-49 என்றால் யார் முன்னுக்கு என்று சொல்ல முடியாது என்றுதான் வாசிக்க வேண்டும். ஆனால் லண்டன் அரசியல்வாதிகள் அப்படி அமைதியாக இருக்கவில்லை. பிரதமர் கமரூன், தொழிற்கட்சித் தலைவர் மிலிபாண்ட், லிபரல் டெமோக்கிரட் தலைவர் கிளெக் மூன்று பேரும் கையெழுத்திட்டு, "இல்லை" போட்டால் ஸ்கொட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவோம் என்ற உறுதிமொழி வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பத்திரிகையின் முன்பக்கத்தில் வந்தது. முடிவு 55.3க்கு 44.7. "இல்லை" வென்றது, 84.6 சதவீதம் பேர் வந்து வாக்களித்திருந்தார்கள். ஆக ஒரு கணிப்பு பிழையாகப் போனாலும் அது அரசியலை அசைத்துவிடும், இதை மனதில் வையுங்கள்.

இனிச் சொல்வதுதான் எனக்கு முக்கியமானது, எங்கள் ஆக்கள் அதிகம் குழப்பிக்கொள்வதும் இங்கேதான். கட்சிக்குக் கிடைக்கும் வாக்கையும் சுதந்திரத்துக்குக் கிடைக்கும் ஆதரவையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். சுதந்திரம் கேட்கும் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி 2014இல் வாக்கெடுப்பில் தோற்றது, ஆனால் அடுத்த வருடமே பிரித்தானியப் பொதுத்தேர்தலில் ஸ்கொட்லாந்தின் 59 ஆசனங்களில் 56ஐ எடுத்தது. அதற்குக் கிடைத்த வாக்கு ஏறத்தாழ பாதி. "ஓம்" பக்கம் நின்ற 45 சதவீதம் பேர் பெரும்பாலும் ஒரே கட்சிக்குப் பின்னால் போக, "இல்லை" பக்கத்தவர் மூன்று கட்சிக்குப் பிரிந்து போக, தொகுதிக்கு ஒருவர் என்ற தேர்தல் முறை மிச்சத்தைச் செய்தது. கன்சர்வேட்டிவ் கட்சியோடு ஒரே மேடையில் நின்று பிரசாரம் செய்த தொழிற்கட்சிக்கு அங்கே ஒரே ஒரு ஆசனம்தான் மிஞ்சியது. பிறகு 2024இல் அதே தேசியக் கட்சி 9 ஆசனத்துக்கு இறங்கியது. அப்போதும் சுதந்திரத்துக்கான ஆதரவு கணிப்புகளில் பாதிக்குக் கிட்டத்தான் நின்றது. கட்சி மீது கோபம் வந்தவன் கொள்கையைக் கைவிட்டான் என்று அர்த்தம் இல்லை. கட்சிக்கு வாக்களித்தவன் எல்லோரும் பிரிவைக் கேட்டான் என்றும் இல்லை. யாராவது ஆசன எண்ணிக்கையைக் காட்டி "மக்கள் ஆணை" என்று சொன்னால், வாக்குச் சதவீதம் என்ன, அந்தத் தேர்தலில் வேறு என்ன பிரச்சினைகள் இருந்தன என்று திருப்பிக் கேளுங்கள்.

வாக்களிப்பு வீதத்தையும் விடாதீர்கள். 2017இல் ஸ்பெயினின் கற்றலோனியா பிராந்தியத்தில் "ஓம்" 90 சதவீதம், ஆனால் வாக்களித்தவர்கள் 43 சதவீதம் அளவில்தான், ஸ்பெயின் நீதிமன்றம் தடுத்திருந்த வாக்கெடுப்பு அது. எதிர்ப்பக்கம் வீட்டில் இருந்துவிட்டால் 90 என்ற எண் எதையும் சொல்லாது. சில இடங்களில் 50 தாண்டினாலும் போதாது: 2006இல் செர்பியாவிடமிருந்து பிரிய மொண்டினீக்ரோவுக்கு 55 சதவீதம் என்று நிபந்தனை வைத்தார்கள், 55.5 கிடைத்துத் தப்பியது.

அப்புறம் யாரிடம் கேட்டார்கள், யாருக்கு வாக்கு என்ற கேள்வி. ஸ்கொட்லாந்தில் 16 வயதுக்காரருக்கும் வாக்கு இருந்தது, அங்கே வாழ்ந்த ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கும் இருந்தது, லண்டனில் குடியேறிவிட்ட ஸ்கொட்லாந்துக்காரருக்கு இல்லை. இதை எங்கள் மாவட்டத்தோடு வைத்து யோசியுங்கள். உப்புவெளியில் மட்டும் கேட்டுவிட்டு, மூதூர், கிண்ணியா, கந்தளாய், சேருவில எல்லாம் விட்டுவிட்டு, "திருகோணமலை மக்களின் கருத்து" என்று ஒருவர் எழுதினால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் மாவட்டத்தில் கேட்ட ஆக்களை எங்கே எடுத்தார்கள் என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கிழக்கு மாகாண மக்களுக்கு ஒரு வாக்கெடுப்பு வாக்குறுதியாகவே இருந்தது. 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி வடக்கோடு இணைந்திருப்பதா என்று 1988 முடிவதற்குள் கிழக்கில் கேட்க வேண்டும். அது தனிநாடு பற்றியது அல்ல, இணைப்புப் பற்றியது மட்டும். ஜனாதிபதிகள் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள், 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது, 2007 தொடக்கத்தில் மாகாணங்கள் பிரிந்தன, வாக்குச்சீட்டு எங்கள் கைக்கு வரவே இல்லை. ஆகவே கிழக்கு மக்கள் இணைப்பை விரும்பினார்கள், விரும்பவில்லை என்று உறுதியாகப் பேசுகிற எவரிடமும் எந்த வாக்கெடுப்பை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இந்த விசயத்தில் பொதுவெளியில் எழுதும்போது 1983இன் ஆறாவது திருத்தத்தையும் மனதில் வையுங்கள், இலங்கையில் தனிநாட்டை ஆதரித்துப் பிரசாரம் செய்வதை அது தடை செய்கிறது.

சரி, அடுத்த முறை ஒரு கணிப்புப் படம் வந்தால் நான்கு விபரம் தேடுங்கள்: யார் காசு கொடுத்து எடுப்பித்தது, எந்தத் தேதிகளில், எத்தனை பேரிடம், சரியாக என்ன கேள்வி. இருந்தால் அதே நிறுவனம் அதே கேள்வியை முன்பு கேட்டபோது என்ன வந்தது என்று ஒப்பிடுங்கள், வேறு நிறுவனத்தோடு ஒப்பிடாதீர்கள், முறைகள் வேறு. இந்த நான்கும் இல்லாத படத்தை மற்றவருக்கு அனுப்பாமல், அனுப்பியவரிடமே கேளுங்கள்.