எந்த வருஷத்து ரீஃபண்ட்?

டிடிஎஸ் என்று வங்கி வட்டியில் முன்கூட்டியே வரியாகப் பிடித்த பணம் இன்னும் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வருஷத்துப் பணம்? வங்கி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கரூரில் எங்கள் தெருக்காரர்கள் எஃப்டி ரசீதும் கையுமாக வந்துவிடுவார்கள்.

வருமான வரி ரிட்டர்னுக்கான ஜூலை கெடு தாண்டியிருந்தாலும், அந்த மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) டிசம்பர் 31 வரை கவலையில்லை. தாமத ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டும் கேட்கலாம். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. வரி வரம்புக்கே கீழே இருந்தால் அதுவும் இல்லை.

டிசம்பரும் போய்விட்டதா? இங்கேதான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். 'அப்டேட்டட் ரிட்டர்ன்' நான்கு வருஷம் வரை போடலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது வரி கட்ட மட்டும். அதில் ரீஃபண்ட் கேட்கவே முடியாது. உங்களுக்கு வேண்டியது 1961 வருமான வரிச் சட்டத்தின் 119(2)(பி) பிரிவு, அதாவது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷம் வரை கொடுக்கலாம்.

எதிர்வீட்டு அக்காவின் கதை இப்படி. அப்பா வீட்டுப் பங்காக வந்த பணத்தை எஃப்டியில் போட்டிருந்தார். வேறு வருமானம் இல்லை. 2021 ஏப்ரலில் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கியில் கொடுக்கும் ஃபார்ம் 15எச் கொடுக்கவில்லை. வங்கி பத்து சதவீதம் பிடித்துக்கொண்டது. ரிட்டர்னும் போடவில்லை. 2021-22 நிதியாண்டு என்றால் மதிப்பீட்டு ஆண்டு 2022-23. ஆக 2028 மார்ச் 31 வரை அவருக்கு நேரம் இருக்கிறது.

முதலில் வருமான வரி போர்ட்டலில் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் அறிக்கை) எடுத்து, பிடித்த தொகை உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாமல் இருந்தால் முதலில் வங்கியிடம் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். பானோடு ஆதார் இணைந்திருக்கவும் வேண்டும். இல்லையென்றால் ரீஃபண்ட் வராது.

மனுவின் உயிர் காரணத்தில் இருக்கிறது. 'தெரியாமல் விட்டுவிட்டேன்' என்று ஒரே வரியில் எழுதாதீர்கள். உண்மையான இன்னல் இருந்ததா என்றுதான் அதிகாரி பார்ப்பார். அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்ததில் தேதிவாரியாக டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்டி ரசீது, வங்கியின் ஃபார்ம் 16ஏ (டிடிஎஸ் சான்றிதழ்), வருமானக் கணக்கு எல்லாம் சேர்த்தோம். ஒரு கோடி வரையான கோரிக்கை என்றால் முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் முடிவெடுப்பார். உங்கள் பான் எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்பதைப் போர்ட்டலிலேயே பார்க்கலாம். கூடுமானவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் சுற்றறிக்கை சொல்கிறது. கேட்பது சின்னத் தொகை என்று கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் பணம்.

உத்தரவு வந்த பிறகே ரிட்டர்ன். எந்தப் பிரிவில் போடுகிறீர்கள் என்ற இடத்தில் 119(2)(பி)-யைத் தேர்ந்தெடுத்து, உத்தரவு விவரத்தைப் போட்டு, 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யுங்கள். இப்படி வாங்கும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

ரிட்டர்ன் எப்போதோ போட்டு, ரீஃபண்ட் மட்டும் கணக்கில் ஏறாதவர்களுக்கு மனுவெல்லாம் வேண்டாம். பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் வில்லங்கம். எங்கள் ஊரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணையே வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கலாம். இப்போது ஓடும் கணக்கை பானில் உள்ள அதே பெயரில் போர்ட்டலில் ப்ரீ-வேலிடேட் (முன்கூட்டியே சரிபார்ப்பு) செய்துவிட்டு, 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கொடுங்கள்.